சிறுநீரில் கல், குடலில் தேக்கம்: கினி பிக்கின் இரட்டைத் தொல்லை

கினி பிக் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் சொல்லும் புகார் பெரும்பாலும் இரண்டு வரிதான். "யூரின் போகும்போது கத்துது. நேத்திலேர்ந்து சரியா சாப்பிடலை." கேட்பதற்கு இரண்டு தனித்தனிக் கோளாறு மாதிரி இருக்கும். நாய், பூனை என்றால் அப்படிப் பிரித்து, ஒன்றை இன்று பார்த்து மற்றதை அடுத்த வாரம் பார்க்கலாம். கினி பிக்கிடம் அந்த அவகாசம் கிடையாது. உடம்பில் எங்கே வலித்தாலும் அது முதலில் சாப்பாட்டைத்தான் குறைக்கும். சாப்பாடு குறைந்தால் குடல் மந்தமாகும். குடல் நின்றுவிட்டால், சிறுநீர்ப்பையில் இருக்கும் கல்லைவிட வேகமாக அதுவே உயிரை எடுத்துவிடும்.

இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் மருந்து, தீவனம், அறுவை சிகிச்சை பற்றிய முடிவுகள் பாதி தெளிவாகிவிடும். சிறுநீர்க் கோளாறுக்கு என்ன செய்தாலும் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குடலுக்கு நல்லது என்று எதைக் கொடுத்தாலும் அது சிறுநீரில் என்னவாகும் என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும்.

குடலிலிருந்து தொடங்குவோம். கினி பிக்கின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி. நாள் முழுக்க நாரும் புல்லுமாகத் தின்பதற்கென்றே அமைந்த உடம்பு அது. அதற்கு மொத்தம் 20 பற்கள். முன்பல் மட்டுமல்ல, கடைவாய்ப் பல்லும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். தின்ற புல்லைச் செரிக்க வைக்கும் வேலை பெரும்பாலும் நடப்பது இரைப்பையில் இல்லை. சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் சீக்கம் என்று ஒரு பெரிய பை இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் உணவில் பாதிக்கும் மேல் எப்போதும் அங்கேதான் கிடக்கும். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அதில் நாரைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அப்படி உருவாகும் மென்மையான உருண்டைகளைக் கினி பிக் குனிந்து ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்துத் தின்னும். பார்க்கிறவர்கள் அருவருப்புப்பட்டு அதைத் தடுக்கப் பார்ப்பார்கள். தடுக்கவே கூடாது. பி வகை வைட்டமின்களும் புரதமும் அதற்குக் கிடைக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

இந்த அமைப்பு நன்றாக ஓட, மேலிருந்து நார் தொடர்ந்து வந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நார் வருவது நின்றால் குடலின் அசைவு குறையும், உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், நுண்ணுயிர்களில் கெட்டவை பெருகும், வாயு சேரும். கினி பிக்கால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் சேர்ந்தது மேலே வரவும் வழியில்லை. கூடவே, பட்டினி கிடக்கும் உடம்பு தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலில் கொண்டுபோய்ச் சேர்க்கும். குண்டான கினி பிக்குகளில் இது இன்னும் மோசமாக நடக்கும். அதனால்தான் 12 மணி நேரம் எதுவுமே தின்னாத கினி பிக்கை அவசர நோயாளியாகப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். காலையில் கொடுத்த வெள்ளரி சாயங்காலமும் அப்படியே கிடந்தால், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

இனி சிறுநீர். நம் உடம்பு தனக்கு வேண்டிய அளவு கால்சியத்தைத்தான் குடலிலிருந்து உறிஞ்சும். மிச்சம் மலத்தோடு போய்விடும். கினி பிக்கின் குடலில் அந்தக் கட்டுப்பாடு தளர்வு. தீவனத்தில் கால்சியம் நிறைய இருந்தால் நிறைய உறிஞ்சிக்கொள்ளும். அதிகப்படியானதை வெளியேற்றும் பாரம் சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. அதன் சிறுநீர் இயல்பாகவே காரத்தன்மை கொண்டது, பி.எச். 8 முதல் 9 வரை. காரமான நீரில் கால்சியம் கார்பனேட் கரையாமல் படியும். அதனால் கினி பிக்கின் சிறுநீர் சாதாரணமாகவே கொஞ்சம் கலங்கலாக இருக்கும், காய்ந்தால் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெள்ளைத் தடம் விடும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எங்கள் வீட்டுப் பெண் கினி பிக் மிளகுக்கு நான்கு வயதாகும்போது அந்த வெள்ளைத் தடத்தைக் கவனிக்கக் கற்றுக்கொண்டேன். கூண்டில் விரித்த துணியில் காய்ந்திருக்கும் தடத்தை இரண்டு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்க்க வேண்டும். முகப்பவுடர் போல வழவழவென்று உதிர்ந்தால் சரி. நறநறவென்று மணல் மாதிரி விரலில் நெருடினால் சிறுநீர்ப்பையில் வண்டல் சேர்கிறது என்று அர்த்தம். பிறகு அது கெட்டியான பசை போல வரத் தொடங்கும், அதோடு வலியும் வரும். இந்த வண்டலும் கல்லும் நடுவயது தாண்டிய கினி பிக்குகளில்தான் அதிகம். பெருவிலும் ஈக்வடாரிலும் இறைச்சிக்காக வளர்க்கும் கினி பிக்குகளுக்குக் கால்சியம் மிகுந்த குதிரைமசால் என்ற தீவனப்பயிரைத் தாராளமாகப் போடுகிறார்கள். அவற்றைச் சில மாத வயதிலேயே வெட்டிவிடுவதால் கல் சேரும் வயதை அவை எட்டுவதில்லை. ஐந்தாறு வருடம் வாழ வேண்டிய வீட்டுப் பிராணிக்கு அதே தீவனம் வேறு விதமாகக் கணக்குத் தீர்க்கும்.

கல் இருப்பதற்கான அறிகுறிகள்: சிறுநீர் அல்லது புழுக்கை போடும்போது முதுகை வளைத்துக் கீச்சென்று கத்துவது, சொட்டுச் சொட்டாகப் போவது, அடிவயிறு எப்போதும் ஈரமாக இருப்பது, ரத்தம். ரத்தத்தைப் பார்த்ததும் சிறுநீர்ப்பைதான் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. வயதான பெண் கினி பிக்குகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி மிகச் சாதாரணம், கருப்பைக் கோளாறுகளும் வரும். அந்த ரத்தமும் அதே துணியில்தான் படும். பீட்ரூட் தின்றிருந்தாலும் சிறுநீர் சிவக்கும். மருத்துவரிடம் போகும்போது கடைசி இரண்டு நாளில் என்னென்ன கொடுத்தீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

சாப்பாடு குறைவது எப்போதும் சிறுநீரால்தான் என்றும் இல்லை. கடைவாய்ப் பல் கோணலாக வளர்ந்து நாக்கின் மேல் பாலம் போட்டுவிட்டால், கினி பிக் தீவனத்தை ஆசையாக முகர்ந்து, வாயில் எடுத்து, அப்படியே கீழே போட்டுவிடும். தாடை நனைந்திருக்கும். பசி இருக்கிறது, தின்ன முடியவில்லை. கல் வலி வந்த கினி பிக்கோ தீவனப் பக்கமே வராமல் ஒரு மூலையில் மயிர் சிலிர்த்து உட்கார்ந்திருக்கும். இந்த வித்தியாசத்தை வீட்டில் இருப்பவர்தான் கவனித்துச் சொல்ல முடியும். மருத்துவரின் மேசையில் பயத்தில் எல்லா கினி பிக்கும் உறைந்துதான் நிற்கும்.

மூன்றாவதாக வைட்டமின் சி. மனிதனைப் போலவே கினி பிக்காலும் அதைத் தானே தயாரித்துக்கொள்ள முடியாது. 1907இல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடோர் ஃப்ரோலிச் என்ற இருவர் கினி பிக்குகளுக்கு வெறும் தானியமே கொடுத்து ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறைபாட்டு நோயை வரவழைத்துக் காட்டினார்கள். பின்னால் வைட்டமின் சி பற்றிய ஆராய்ச்சிக்கு அடித்தளமாக அமைந்த சோதனை அது. நம் ஊரில் முயலுக்கான தீவனத்தைப் போட்டு வளர்க்கப்படும் கினி பிக்குகளுக்கு இன்றும் அந்தச் சோதனைதான் நடக்கிறது, ஏனென்றால் முயல் தீவனத்தில் வைட்டமின் சி சேர்க்கத் தேவையில்லை. குறைபாடு வந்தால் மூட்டு வலிக்கும், நடக்கப் பிடிக்காது, ஈறு கசியும், வயிறு போகும், சாப்பாடும் குறையும். நோயுற்ற கினி பிக்குக்கு இதையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.

மருத்துவரிடம் போனால் முதலில் கேட்க வேண்டியது எக்ஸ்ரே. கினி பிக்கின் கற்கள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். கல் சிறுநீரகத்திலா, குழாயிலா, பையிலா, வெளியேறும் வழியிலா என்பதும் தெரியும். அதே படத்தில் குடலில் எவ்வளவு வாயு இருக்கிறது, இரைப்பை உப்பியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். ஒரு படத்தில் இரண்டு கேள்விக்கும் பதில். ஆண் கினி பிக்குக்குக் கல் வழியை அடைத்துச் சிறுநீரே வரவில்லை என்றால் அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம். பெண்ணுக்கு வழி சற்று அகலம், சின்னக் கற்கள் சில நேரம் தானாக வந்துவிடும்.

அடுத்தது ஆன்டிபயாடிக். இதை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான். சிறுநீரில் ரத்தம் என்றதும் கிருமித்தொற்று என்று நினைத்து, வீட்டில் குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் சிரப்பைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதிகமாக நாய், மாடு பார்க்கும் இடத்தில் அதே மருந்தை எழுதிக்கொடுத்துவிடுவதும் நடக்கிறது. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், வாய்வழிப் பென்சிலின், கிளின்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசின், செஃபலெக்சின் எல்லாமே கினி பிக்கின் சீக்கத்தில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களைத் துடைத்துவிடும். காலியான இடத்தில் குளோஸ்டிரிடியம் என்ற கெட்ட பாக்டீரியா பெருகி நஞ்சை உண்டாக்கும். சில நாளில் வயிற்றுப்போக்கு, பிறகு சாவு. பென்சிலின் கினி பிக்கைக் கொல்லும் என்பது 1943லேயே பதிவாகிவிட்ட செய்தி. ஆக்ஸ்ஃபோர்டில் 1940இல் அந்த மருந்தை முதலில் சுண்டெலிகளிடம் சோதித்தார்கள். கினி பிக்கிடம் சோதித்திருந்தால் ஆபத்தான மருந்து என்று ஓரம்கட்டியிருக்கக்கூடும்.

சிறுநீர்த் தொற்றுக்குக் கினி பிக்கிடம் வழக்கமாகப் பயன்படுத்துவது சல்ஃபா-டிரைமெத்தோபிரிம் அல்லது என்ரோஃப்ளாக்சசின். இவையும் குடலைக் கொஞ்சம் தொந்தரவு செய்யத்தான் செய்யும், அதனால் மருந்து நாட்களில் புழுக்கையையும் எடையையும் கவனிக்க வேண்டும். மருந்துச் சீட்டை வாங்கியதும், "இது கினி பிக்குக்கு வாய்வழியாகக் கொடுக்கலாமா டாக்டர்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நல்ல மருத்துவர் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வலிக்கு மெலாக்சிகாம் கொடுப்பார்கள். அதன் முக்கியத்துவத்தைப் பலர் குறைவாக எடைபோடுகிறார்கள். வலி அடங்கினால்தான் வாய் திறக்கும், வாய் திறந்தால்தான் குடல் ஓடும். அளவை மருத்துவர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், புரூஃபன் எதையும் தொடாதீர்கள்.

கல்லை மருந்தால் கரைக்க முடியுமா என்ற கேள்வி தவறாமல் வரும். நம் வீடுகளில் கல் என்றதும் வாழைத்தண்டுச் சாறுதான் ஞாபகம் வரும். மனிதர்களின் சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட், இது வேறு உப்பு, வேறு சூழல். கினி பிக்கின் காரமான சிறுநீரில் படிந்த கார்பனேட் கல்லைக் கரைக்கும் தீவனமோ சாறோ கிடையாது. வண்டலாக இருந்தால் மயக்கம் கொடுத்துச் சிறுநீர்ப்பையைக் கழுவி விடலாம், தோலுக்கடியில் நீர் ஏற்றலாம். கல்லாகிவிட்டால் அறுவை சிகிச்சைதான். அதற்கு முன் நாயைப் போல இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னால் காரணம் கேளுங்கள். வாந்தியே எடுக்காத பிராணிக்கு நீண்ட பட்டினி தேவையில்லை, கெடுதலும்கூட. வாயில் மிச்சம் இல்லாமல் சுத்தம் செய்யும் அளவுக்குக் கொஞ்ச நேர இடைவெளி போதும்.

அப்புறம் வீடு. சாப்பிடாத கினி பிக்குக்கு ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டுவதுதான் வைத்தியத்தின் பாதி. இதற்கென்று புல் அடிப்படையிலான மாவு விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் கினி பிக் பெல்லட்டை (கடையில் விற்கும் குச்சி போன்ற உலர்தீவனம்) வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கூழாகக் கரைத்து வடிகட்டிக்கொள்ளலாம். தயிர்சாதம், பால், பிஸ்கட், செரிலாக் எதுவும் வேண்டாம். மாவுச்சத்து புளித்து வாயுவாகும், பாலை அதன் குடலால் சமாளிக்க முடியாது. கினி பிக்கைத் துண்டில் சுற்றி, மடியில் நிமிர்ந்த நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும், மல்லாக்கப் போடக்கூடாது. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். பக்கவாட்டில் அங்கே சிரிஞ்சின் நுனியை நுழைத்து, அரை மில்லி தள்ளிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தாடை ஆடி, மென்று, விழுங்கிய பிறகுதான் அடுத்தது. மிளகு முதல் சிரிஞ்சைத் துப்பிவிடும், இரண்டாவதை மெல்லும், நாலாவதில் சிரிஞ்சைக் கடித்து இழுக்கும். அந்த இழுப்பு வந்தால் குடல் திரும்புகிறது என்று நம்பலாம்.

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளில் 50 முதல் 80 மி.லி. கூழ் போக வேண்டும். அதை நான்கைந்து தடவையாகப் பிரித்து, இரவிலும் ஒரு முறை கொடுப்பது நல்லது. ஒரே ஒரு எச்சரிக்கை. வயிறு மேளம் மாதிரி விறைத்து, மூச்சு வேகமாக வாங்கினால் எதுவும் ஊட்டாதீர்கள். இரைப்பை உப்பியோ முறுக்கியோ இருக்கலாம். ஓம வாட்டரும் கிரைப் வாட்டரும் அந்த நேரத்தில் உதவாது, எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். வாயு குறைவாக இருந்தால் சிமெத்திகோன் சொட்டு கொடுக்கச் சொல்வார்கள், குடல் அசைவுக்கும் மருந்து உண்டு. நுண்ணுயிர்களே அழிந்துபோன நிலையில், ஆரோக்கியமான இன்னொரு கினி பிக்கின் புதுப் புழுக்கையைக் கரைத்து வடிகட்டிக் கூழில் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் அது உண்மையான சிகிச்சைதான்.

தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை போடுங்கள். நலமாக இருக்கும்போது வாரம் ஒரு முறை போதும். 900 கிராம் இருந்த கினி பிக் 850க்கு இறங்கினால் என்ன நடக்கிறது என்று கவனிக்க ஆரம்பிக்க வேண்டும், 800க்கு இறங்கும்வரை காத்திருக்கக் கூடாது. அடர்ந்த மயிர் இருப்பதால் மெலிவது கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத்தான் தெரியும். புழுக்கை சிறுத்து, கண்ணீர்த்துளி வடிவில் கூராக வந்தால் குடல் மந்தம். ஒன்றோடொன்று ஒட்டி வந்தால் தண்ணீர் போதவில்லை.

உடம்பு தேறிய பிறகு நீண்ட கால உணவுதான் கேள்வி. எப்போதும் கூண்டில் உலர்புல் இருக்க வேண்டும், தின்பதில் பெரும்பங்கு அதுவாகவே இருக்கட்டும். எல்லோரும் சொல்லும் திமோத்திப் புல் இறக்குமதிச் சரக்கு, விலையும் அதிகம். வெளிநாடுகளில் பெர்முடா புல் என்று கட்டுக்கட்டாக விற்பது நம் அருகம்புல்தான். பூச்சிமருந்து படாத, வண்டிப்புகை படாத இடத்தில் கிடைத்தால் பச்சையாகவும் நிழலில் உலர்த்தியும் தாராளமாகக் கொடுக்கலாம். பிள்ளையாருக்கு விற்கும் கட்டு எங்கே பறித்ததென்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள். குதிரைமசாலைக் குட்டிகளுக்கும் சினையாக இருப்பவற்றுக்கும் வைத்துக்கொண்டு, வளர்ந்தவற்றுக்கு நிறுத்திவிடலாம். பெல்லட்டிலும் திமோத்தி அடிப்படையிலானதைப் பார்த்து, நாளுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கீரையில்தான் நம் ஊரில் கணக்கு தப்புகிறது. பச்சையாக இருந்தால் நல்லது என்று முருங்கைக்கீரையையும் அகத்திக்கீரையையும் அள்ளிப் போடுகிறோம். முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அகத்தியில் ஆயிரத்தை ஒட்டி. இந்திய உணவு அட்டவணைகளில் கால்சியத்துக்கு முன்வரிசையில் நிற்பவை இவை. கல் வந்த கினி பிக்குக்கு இவற்றை நிறுத்திவிடுவது நல்லது. இன்னொரு பக்கம், ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரால்தான் கல் வருகிறது என்று பலர் தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். ஒரு கிலோ கினி பிக் நாளுக்குச் சுமார் 100 மி.லி. தண்ணீர் குடிக்கும். லிட்டருக்கு 100 மி.கி. கால்சியம் உள்ள கடினநீராக இருந்தாலும் அதில் சேர்வது 10 மி.கி.தான். ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், 60 மி.கி. தரும். முதலில் குறைக்க வேண்டியது எது என்று இதிலேயே தெரிகிறது. அதற்காகக் கால்சியத்தை ஒரேயடியாக ஒழித்துவிடவும் கூடாது, எலும்பும் பல்லும் வலுவிழக்கும்.

வைட்டமின் சி கிலோவுக்கு நாளுக்கு 10 முதல் 30 மி.கி. போதும், நோயின்போது சற்றுக் கூடுதல். கால் குடைமிளகாயிலேயே 20 மி.கி.க்கு மேல் கிடைத்துவிடும், அதில் கால்சியமும் மிகக் குறைவு. கொய்யாவில் ஒரு சின்னத் துண்டு கொடுக்கலாம், சர்க்கரை இருப்பதால் தினமும் வேண்டாம். வைட்டமின் சொட்டைத் தண்ணீரில் கலக்காதீர்கள். சீக்கிரம் சிதைந்துவிடும், ருசி மாறினால் தண்ணீர் குடிப்பதும் குறையும். கல் வந்த கினி பிக்குக்குத் தண்ணீர்தான் முதல் மருந்து. காய்கறியைக் கழுவி ஈரத்தோடே போடலாம், பாட்டிலோடு ஒரு கிண்ணமும் வைக்கலாம், பாட்டில் குழாயின் நுனியில் இருக்கும் குண்டு சிக்கிக்கொண்டிருக்கிறதா என்று தினமும் விரலால் தொட்டுப் பார்க்கலாம். கத்திரி வெயில் நாட்களில் இது இரட்டிப்பு முக்கியம். 28 டிகிரியைத் தாண்டினாலே கினி பிக் திணறத் தொடங்கும், நம் ஊர் மே மாதம் அதற்கு ரொம்பக் கொடுமை.

வயதான ஆண் கினி பிக்குகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. ஆசனவாயைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து, மென்மையான உருண்டைகள் அங்கேயே திரண்டு அடைத்துக்கொள்ளும். அடைப்பு பக்கத்தில் இருக்கும் சிறுநீர் வழியையும் உறுத்தும், நாற்றமும் புண்ணும் வரும். வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் தொட்டு மெதுவாக மென்மையாக்கி வெளியே எடுக்க வேண்டும். வந்துவிட்டால் பெரும்பாலும் இதைத் தினமும், ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டியிருக்கும். முதல் முறை மருத்துவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டால் பிறகு வீட்டிலேயே செய்யலாம்.

கல் திரும்ப வருவது சாதாரணம். அறுவை சிகிச்சை முடிந்த சில மாதத்தில் ஓர் எக்ஸ்ரே, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அடுத்தடுத்து என்று பார்த்துக்கொண்டே இருந்தால் வண்டலாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். இரண்டாம் முறை கல் வந்தால் மறுபடியும் வெட்டலாமா என்பதற்கு வயது, எடை, இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். மூன்று வயதில், நன்றாகத் தின்னும் கினி பிக் என்றால் நான் செய்யச் சொல்வேன். ஆறு வயதில், மெலிந்து, சிரிஞ்சையும் துப்பிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு வலி மருந்தை மட்டும் கொடுத்து, அதுவும் போதாத நாளில் வலியில்லாமல் அனுப்பி வைப்பதைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் பேசலாம்.